கை நடுங்காத அளவுக்கு

முடிதிருத்துபவரும் அவருடைய மனைவியின் அண்ணனும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தார்கள். "கை இனிமே முடியாதுன்னு சொல்ற வரைக்கும் தூக்கணும் மாப்ள. அப்பதான் சதை ஏறும்" என்றார் மச்சான்.

இவரும் அப்படியே செய்தார். மறுநாள் ஒருவருக்குத் தாடி மழிக்கக் கத்தியைத் தொண்டைக்கு அருகே கொண்டுபோனபோது கை வெடவெடவென்று நடுங்கியது. நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "நாளைக்கு வர்றேண்ணே" என்று சோப்பு நுரையோடு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து, இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே இவர் டம்பெல்லைக் கீழே வைத்தார். ஆனால் ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை. எடையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மச்சான் கேலி செய்தாலும் கண்டுகொள்ளவில்லை.

நான்கு மாதம் கழித்து மனைவி தையல் டேப்பை எடுத்து இருவர் புஜத்தையும் அளந்தாள். அண்ணனுக்கு ஓர் அங்குலம் கூடியிருந்தது. கணவருக்கும் அதே ஓர் அங்குலம்தான்.

மச்சான் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார்.

"எத்தனை தடவை அளந்தாலும் அதேதாண்ணே. உங்களுக்கு முக்கலும் முனகலும்தான் கூட" என்றாள் தங்கை.

மச்சானும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவரும் இரண்டு தடவை மிச்சம் இருக்கும்போதே டம்பெல்லைக் கீழே வைத்தார். ஜிம்மிலிருந்து திரும்பி வீட்டுப் படியைத் தள்ளாடாமல் ஏறியது அவருக்கே புதிதாக இருந்தது.