மஞ்சளரிசி தந்த மேடை

உச்சிவெயில் சாயத் தொடங்கிய வேளை. கடலிலிருந்து எழுந்த உப்புக்காற்று ஜெராம் கரையில் உலர்ந்த மீன்வலைகளைத் தடவி, தென்னந்தோப்புகளைக் கடந்து, கோலசிலாங்கூர்ச் சாலையின் செம்மண் தூசியைக் கிளப்பி, இரப்பர்க் காட்டுக்குள் நுழைந்து, அங்கே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி வளைத்திருந்த முள்வேலியில் வந்து மோதிற்று. காற்றுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை, மனிதருக்கு வேண்டியிருந்தது. அது மலாயாவின் அவசரகாலம். காட்டில் மறைந்திருந்த கம்யூனிசப் போராளிகளுக்கு உணவு எட்டலாகாதென்று, பிடி அரிசியும் இசைவின்றி வாயிலைக் கடக்கக்கூடாதென ஆணையிட்டிருந்தனர். மாலையானால் ஊரடங்கு. விடியவிடிய நடந்த நாடகங்கள் பிற்பகலுக்குள் சுருங்கிப்போயின.

நயமறிந்த வாசகரே, அந்தத் தோட்டத்துக்கு அன்று நாடகமாட வந்தவள்தான் ரோசரி. கார்த்திகேசு நடத்திய குழுவின் தலைமை நடிகை. அக்குழுவில் அழுவது பெண்ணின் தொழில், சிரிக்கவைப்பது ஆணின் தொழில். கோமாளி செல்லன் முதலில் தோன்றி அவையைச் சிரிப்பில் ஆழ்த்திய பின்னரே திரை விலகும். அம்மரபை மீறினால் குழுவுக்கே கேடென்று நம்பினர். ஆனால் செல்லன் பேசிய நகைச்சுவையிற் பாதி, திரைமறைவில் ரோசரி அவன் காதில் ஓதியது. கைத்தட்டல் அவனுக்குப் போகும். அவள் கண்ணீருக்கு ஆயத்தமாவாள். அது அவளுக்கு வலித்தது.

அன்று வாயிலிற் சோதனை நடந்தபோது, செல்லனின் இடுப்புமுடிச்சிலிருந்து மஞ்சளரிசி உதிர்ந்தது. திருமணக் காட்சியில் தூவ வைத்திருந்த அட்சதை அது. வாழ்த்துக்குரிய பொருளை உணவென்று குழுவில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. காவலர் எண்ணினர், செல்லனைப் பிடித்துக் காவற்கொட்டிலில் இருத்தினர்.

"கோமாளி இல்லாம திரை தூக்கக்கூடாது. மூட்டைய கட்டுங்க. இதோட குழுவையே கலைச்சிடுறேன்" என்று கார்த்திகேசு தலையில் கைவைத்து அமர்ந்தார்.

"நான் மேடைக்குப் போறேண்ணே" என்றாள் ரோசரி.

"பொம்பள கோமாளியா? கல்லால அடிப்பாங்க லா!"

"அடிச்சா என்னைத்தானே அடிப்பாங்க. குழு பிழைக்குமில்ல?"

முகப்பூச்சைத் துடைத்தெறிந்து, சேலையை இழுத்துச் செருகி, அவள் மேடையேறினாள். இரப்பர் மரங்களில் பால்வெட்டி ஓய்ந்து வந்திருந்த மக்கள் நோக்கினர். அப்பால் துப்பாக்கியோடு காவலரும் நோக்கினர். இன்று நா தவறினால் நாளை மேடையில்லை என்பதை அவள் நன்கறிவாள்.

"அம்மாமாரே, அண்ணமாரே! இன்னைக்கு எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்துட்டாரு, தாலி வந்துடுச்சு. அட்சதைய மட்டும் வாசல்ல பிடிச்சு வச்சுட்டாங்க. மஞ்ச பூசிக்கிட்டு மாறுவேசத்துல வந்துச்சாம் லா!"

நாள்தோறும் வாயிலில் தன் தூக்குச்சட்டியைத் திறந்துகாட்டி அலுத்த ஒருத்தி வெடித்துச் சிரித்தாள்; தோட்டமே அவளைத் தொடர்ந்தது.

"அந்த அரிசி காட்டுக்குப் போக வரலைங்கய்யா, என் தலையில விழ வந்துச்சு. அது விழலைன்னா நான் கெழவியாகியும் கன்னியாத்தான் நிக்கணும்!"

காவலருள் தமிழர் ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தபடியே சென்று தம் மேலவரிடம் எடுத்துரைக்க, சற்றைக்கெல்லாம் செல்லன் அரிசிமுடிச்சு இல்லாத இடுப்போடு வந்துசேர்ந்தான். அவனைக் கண்டதும் ரோசரி பேச்சை நிறுத்தி, அவனுக்குரிய இடத்தைவிட்டு விலகினாள். அவனோ மேடையேறாமல் மக்களோடு தரையில் அமர்ந்தான்.

"எறங்காத ரோசரி. இத்தனை வருசமா உன் பேச்சைத்தான் நான் பேசினேன். இனிமே நீயே பேசு."

அழுவதற்கென்றே அமர்த்தப்பட்ட அவள், அன்றுதான் மேடையில் மெய்யாக அழுதாள். அழுதுகொண்டே மக்களைச் சிரிக்கவும் வைத்தாள். அதன்பின் ராசா என்னும் ஊர் முதல் சுங்கை பெசார் வரை கோயில் திருவிழாவிலும் தேவாலய விழாவிலும் அவள் பேச்சுக்கென்றே கூட்டம் திரண்டது. நகைச்சுவை நூல்களும் எழுதினாள். வேலிகள் துருப்பிடித்து வீழ்ந்த பின்னரும், ஒவ்வொரு மேடையிலும் பேசத்தொடங்குமுன் ஒரு பிடி மஞ்சளரிசியைத் தன் முன்னே வைத்துக்கொள்வாள். தன் இடத்தைத் தானே எழுந்து கேட்டவளுக்கு வாழ்த்து எவ்வழியிலேனும் வந்துசேரும். அவளுக்கு அது வாயிலில் பிடிபட்ட அட்சதையாய் வந்தது.