ஒட்டடைக்குச்சி கட்டிய நூலகம்

கல்லூரியில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படம் வரைந்த நெட்டைக்காரியை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிட்டோம். பெயர் வைத்ததே நான்தான். இப்போது அவள் கட்டிய நூலகத்தை ஊரே மெச்சுகிறது. எனக்கு வயிறு எரிகிறது, ஒளிப்பானேன்?

நானும் கட்டடம் வரைகிறவள்தான். என் வீட்டை நானே வரைந்தேன். கூடம் பெரிதாக வேண்டும் என்ற ஆசையில் மாடிப்படியை மூலையில் செங்குத்தாகச் செருகிவிட்டேன். எங்கள் அறைகள் மாடியில், அம்மாவின் அறை கீழ்த்தளத்தில். மூன்று வருடத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் மேலே வந்தாள். வீட்டைப் பற்றி "நல்லாருக்கு" என்று அவள் வாயிலிருந்து வரவேயில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக்கிடந்தேன்.

நூலகத்துக்குக் குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். அம்மாவையும் கூட்டிப்போனேன். முட்டிவலிக்காரி முனகினால் எனக்கு ஒரு சாட்சி ஆயிற்றே.

எங்கே போனாலும் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது என் தொழில் புத்தி. அன்றும் எண்ண ஆரம்பித்தேன். அம்மா பக்கத்து வீட்டு மருமகளின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சுவரோரம் இளவெயில் விழுந்தது. கைப்பிடி உள்ளங்கைக்கு வாகாக இருந்தது. மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன கட்டத்தில் மேல்தளம் வந்துவிட்டது. எண்ணிக்கையை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பாவி, எப்படித்தான் வரைந்தாளோ!

"நல்லாருக்குடி. யாரு கட்டினது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா." வாய் முந்திக்கொண்டது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்த பெண்ணை நிறுத்தி, "இது எம்பொண்ணு கட்டினது, தெரியுமா?" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். ஒட்டடைக்குச்சி! கூரையில் ஏதோ கசிவைப் பார்க்க வந்திருந்தாள் போலிருக்கிறது. கசிவு என்று சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "ரொம்ப நல்லா கட்டியிருக்காங்கம்மா" என்றாள். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இவ்வளவு சுகமா படி வைக்கத் தெரிஞ்சவ, நம்ம வீட்டுல மட்டும் ஏண்டி அப்படி வச்சே? நான் மேல வந்துடக் கூடாதுன்னா?"

ஒட்டடைக்குச்சி நகராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா. இது இவ கட்டினது. எனக்கு இப்படிக் கட்டத் தெரியாது" என்றேன்.