இடப்பக்கம் வாய் திறந்த நத்தை

பல் டாக்டர், மீன் தொட்டிக் கடைக்குள் நுழைந்த வேகமே சரியில்லை. கையிலிருந்த சின்ன டப்பாவை மேசைமேல் டக்கென்று வைத்தார்.

"பெரியவரே, இதெல்லாம் உங்க வீட்டுப் பிள்ளைங்களான்னு பாருங்க."

டப்பாவில் மிளகு அளவுக்கு நத்தைகள், ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தன.

பெரியவருக்கு முகம் இறுகியது. அவருடைய மீன் தொட்டிக் கடைக்கு அவர் அப்பா காலத்திலிருந்து ஒரே பேச்சு: இங்கே வாங்கும் நீர்ச்செடியில் நத்தை இருக்காது. வெளியிலிருந்து வரும் செடி, நத்தையைக் கொல்லும் படிகாரத் தண்ணீரில் ஊறாமல் விற்பனைக்குப் போகாது. ஊறவைப்பதும் அலசுவதும் அவரேதான். பெற்ற மகனைக்கூட அந்த வாளியைத் தொட விட்டதில்லை.

"எங்க செடியில வந்திருக்காது, டாக்டர்."

"என் தொட்டியில வேற செடியே கிடையாது. பல் வலியோட வர்றவங்க மீனைப் பாத்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு வெச்சேன். இப்ப வலியை மறந்துட்டு எல்லாரும் நத்தையை எண்ணிக்கிட்டு இருக்காங்க."

"நாளைக்கு வாங்க. பதில் சொல்றேன்."

"சொல்லுங்க. எந்தக் கடைச் செடின்னு அவங்க கேட்டா நானும் பதில் சொல்லணும் இல்லையா?"

அவர் போனதும் பெரியவர் லென்ஸை எடுத்தார். ஒரு நத்தையை முனை மேலாகவும் வாய் தன் பக்கமாகவும் பிடித்துப் பார்த்தார். பெரும்பாலான நத்தைகளுக்கு ஓட்டின் வாய் வலப்பக்கம் இருக்கும். இதற்கு இடப்பக்கம். தனியாக ஒன்று விழுந்தாலும் போதும், ஜோடி தேடாமலே குடும்பம் நடத்திவிடும் இனம் இது.

படிகாரத்தைத் தாண்டி இது எப்படி வந்தது? யாரோ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். மகன் மீன் வாங்க வெளியூர் போயிருந்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவின் சாவி இன்னொருவரிடம்தான் இருந்தது: மருமகளிடம்.

நினைத்துப் பார்க்க, ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றது. கடை திறக்கும் முன்பே அவள் கை ஈரமாக இருக்கும். வாங்கிய வெள்ளரிக்காய் மாயமாகிவிடும். அவர் பின்கட்டுக்குப் போனார். சலவை இயந்திரத்துக்குப் பின்னால், துணி கட்டி மூடிய கண்ணாடி ஜாடி ஒன்று. உள்ளே வெந்த கீரை, முட்டை ஓட்டுத் துண்டு, பெரிதும் சிறிதுமாக நத்தைகள். கீரையும் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்துச் சீராட்டி வளர்த்திருக்கிறாள்! லென்ஸில் பார்த்தார். எல்லாம் இடப்பக்க வாய்.

கூடவே இருந்து குழி பறிக்கிறாளா? இவளைப் பெற்றவர் எவ்வளவு கௌரவமான மனிதர்! அவருக்குப் பிறந்தவளுக்கா இந்தப் புத்தி?

சாப்பிடும்போது மெல்லத் தூண்டில் போட்டார்.

"ஏம்மா, வெள்ளரிக்கா சீக்கிரம் தீந்துடுதே?"

"உடம்புக்குக் குளிர்ச்சி, மாமா."

"நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லையே?"

"வேலையோட வேலையா நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவேன்."

"ஓஹோ," என்றார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே போய் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தன் கடையில் தானே திருடன் மாதிரி பதுங்குவது அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் ஒரு பெண்ணின் மேல் பழி சொல்லக்கூடாது.

கதவு திறந்தது. மருமகள் விளக்கைப் போடாமல் நேராக முன்பக்கத்துப் பெரிய தொட்டிக்குப் போனாள். கையில் அதே ஜாடி. இப்போது கொட்டுவாள் என்று அவர் மூச்சை அடக்கினார். அவள் தொட்டிக்குள்ளிருந்து ஒரு நூலை இழுத்தாள். நுனியில் வெள்ளரித் துண்டு. அதில் மொய்த்திருந்த நத்தைகளை ஜாடிக்குள் உதறினாள்.

"என்னம்மா கொட்டுறே அங்கே?"

ஜாடி நழுவப் பார்த்தது. "கொட்டலை மாமா. எடுக்கிறேன்."

"என் தொட்டியிலேர்ந்தா? என் தொட்டியில நத்தையா?"

அவள் டார்ச்சை அடித்தாள். தொட்டி நடுவில் அகன்ற இலைச் செடி. இலைகளின் அடியில் பளபளவென்று ஜவ்வு ஜவ்வாய் முட்டைகள்.

பெரியவர் மணல் மூட்டைகளைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். அந்தச் செடி சம்பந்தி முதல்முறை வந்தபோது ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தது. பெண் கொடுத்தவர் தந்ததை அவர் கண் முன்னாலேயே படிகாரத்தில் முக்குவதா? அது அவரையே சந்தேகப்படுவது ஆகாதா? பெரியவர் அதை அப்படியே நட்டுவிட்டார். படிகாரத்தில் ஊறிய செடிகளையெல்லாம், செடிக்குப் பழகிய தண்ணீர் என்று, இந்தத் தொட்டித் தண்ணீரை மொண்டுதான் அலசிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரோடுதான் நத்தையும் ஒட்டிப் போயிருக்கிறது.

"எப்ப பாத்தே?"

"வந்த புதுசுல. சொன்னா நீங்க எங்கப்பாவை என்ன நினைப்பீங்க? அவர் காதுக்குப் போனா தூக்கமே வராது அவருக்கு. அதான் தினமும் பொறுக்கிக்கிட்டு இருந்தேன்."

"பொறுக்கினவ ஏன் வளர்க்கணும்?"

"பின்னாடி குட்டியா ஒரு பேத்தை மீன் வெச்சிருக்கேன், மாமா, நத்தை தின்னுறது. அதுக்குப் பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஓடு கடிச்சாத்தான் தேயும், இல்லைன்னா வாயைத் திறக்க முடியாம செத்துடும். நான் எடுக்க எடுக்க இங்கே குறைஞ்சுது. அதனால ஜாடியில கொஞ்சம் பெருக்கினேன்."

வெளியே ஷட்டரைத் தட்டும் சத்தம். திறந்தால், டாக்டர்.

"என்ன பெரியவரே, ஆள் அகப்பட்டாச்சா?"

மருமகள் ஜாடியோடு கதவோரம் நின்றாள். மாமா தன்னைச் சொல்வாரா, தன் அப்பாவைச் சொல்வாரா என்று அவள் முகம் வெளுத்திருந்தது.

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். "அகப்பட்டாச்சு. உங்களுக்குக் கொடுத்த செடியை அலசினவன் நான். தப்பு என்னோடது."

"உங்க கடைக்கு அது எப்படி வந்தது?"

"அது எங்க வீட்டு விஷயம்."

டாக்டர் சிரித்தார். "அந்த ஒரு பதிலை உங்க வாயிலேர்ந்து பிடுங்க நான் மரத்துப்போற ஊசி கொண்டுவந்திருக்கணும். சரி, என் தொட்டிக்கு வழி?"

"வெள்ளரித் துண்டு வெச்சு எல்லாத்தையும் நானே வந்து எடுக்கிறேன். செடியும் மாத்தித் தர்றேன். கேக்குறவங்ககிட்ட எங்க கடைன்னே சொல்லுங்க."

அவர் போன பிறகு மருமகள் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "அந்தச் செடியைப் பிடுங்கிடவா, மாமா?"

"பிடுங்கினா? உங்கப்பா வந்ததும் முதல்ல அதைத்தான் தேடுவாரு. இருக்கட்டும். அலசுறதுக்கு இனிமே வேற தண்ணி."

"நத்தை தீராதே, மாமா."

அவர் லென்ஸோடு குனிந்து இலையின் அடியைப் பார்த்தார். "தீராதுதான். உங்கப்பா கைராசி அப்படி."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளரி நறுக்க உள்ளே போனாள்.