காப்புமடுவும் ஒரு மசக்கையும்

கீழ்வானம் வெளுத்தும் வெளுக்காமலும் இருக்கும் வைகறைப் பொழுதில், கறுவா மணக்கும் மேற்கு மலைத்தொடரின் மடியிற் பிறந்து, பாறைக்குப் பாறை தாவி, பால்மரத் தோப்புகளின் காலடி கழுவி, காட்டு மூங்கிற் புதர்களைக் கலகலப்பித்துக்கொண்டு வரும் சிலேம் ஆறு, தஞ்சோங் கெனாரி என்னும் சிற்றூரின் எல்லையை அடைந்ததும், சந்தைக்கு விரைந்தவள் தோழியைக் கண்டு சுமையிறக்கி நின்றாற்போல, ஓட்டம் அடங்கி, ஊரை ஒருமுறை வளைந்து அணைத்து, ஆழ்ந்த பச்சை நிறத்ததாகிய ஒரு மடுவில் மூச்சு வாங்கி நிற்கும். கரையில் உயர்ந்த கால்மரங்களின்மேல் ஏறி நிற்கும் மரவீடுகளின் கூரைகளினின்று அடுப்புப் புகை எழுந்து பனியோடு கலக்க, பள்ளிவாசலின் தொழுகையழைப்பு மலையில் மோதி இரண்டாம் முறையும் ஒலிக்க, தாராக்கள் வரிசையாய்ச் சேறு நோக்கி நடக்க, இடுப்பில் அரிசிப் பானை ஏந்திய பெண்கள் முந்தைய நாள் விட்ட பேச்சை விட்ட இடத்திலேயே தொடங்கியவர்களாய்ப் படித்துறைக்கு இறங்குவர்.

அம்மடுவின் மேல்தலையில் ஒன்றும் கீழ்த்தலையில் ஒன்றுமாகக் கருநார்க் கயிறுகள் இரண்டு கரைக்குக் கரை கட்டப்பட்டிருந்தன. அவ்விரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட நீரில் ஆண்டு முழுதும் எவரும் வலை வீசார், தூண்டில் இடார், கூடை கவியார். மீறிப் பிடித்துண்டவன் வயிறு வீங்கி மாள்வான் என்று ஊரார் அனைவரும் திருமறை ஓதிச் சூளுரைத்திருந்தனர். நோன்புத் திங்களுக்கு முன்னர் ஒருநாள் கயிறு அவிழும். அன்று ஏழையும் செல்வனும் ஒருங்கே இறங்கிப் பிடித்து, ஒருங்கே பகுத்து உண்பர். ஆற்றில் வேறெங்கும் அற்றுப்போன செமா மீன்கள், கெண்டைக்கு மூத்த உடன்பிறப்புகள் போன்றவை, முழங்கை நீளமும் பொன்செதிலும் உடையவை, அக்காப்புமடுவில் மட்டுமே அச்சமின்றித் திரிந்தன.

மடுவின் நடுப்பகுதிக்கு நேரெதிரே இருந்தது நூர்பைத்தியின் வீடு. அவ்வீட்டின் கீழிருந்த படித்துறையிலேதான் ஊர்ப்பெண்கள் காலைதோறும் கூடுவர். அவர்கள் அரிசி கழுவி ஊற்றும் வெண்ணீருக்காகச் செமாக்கள் கொலுசொலி கேட்ட கன்றுகளென ஓடி வந்து மொய்க்கும். நூர்பைத்தி மணமாகிப் பதினாறு ஆண்டுகள் கழிந்தவள். மும்முறை சூல்கொண்டு மும்முறையும் வெறுங்கையோடு எழுந்தவள். இப்பொழுது நான்காம் முறையாக, ஐந்தாம் திங்கள் நடந்துகொண்டிருந்தது. ஆயின் எவ்வுணவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, காற்றில் ஆடும் வாழைச்சருகு போலானாள்.

"எதையாவது தின்னு உள்ள வச்சுக்கோடி. நீ காத்தைக் குடிச்சா, உள்ள இருக்கிறது எதைக் குடிக்கும்?" என்று மருத்துவச்சி கடிந்துவிட்டுப் போனாள்.

அவள் கணவன் மர்வான் காப்புமடுவின் காவலர்களுக்குத் தலைவன். தேக்குமரம் போன்ற தோளும், பொய் சொன்னால் உடனே சிவந்துவிடும் காதுகளும் உடையவன். அன்று காலை படித்துறைக்கு வந்து அவளருகே அமர்ந்தான்.

"என்னதான்டி வேணும்? வாயைத் திறந்து சொல்லு."

"ஒண்ணும் வேணாம்."

"மசக்கைக்காரி ஒண்ணும் வேணாம்னா, கிடைக்காத ஒண்ணு வேணும்னு அர்த்தம்."

 அவள் பார்வை நீரின்மேல் சென்று நின்ற இடத்தை அவன் பார்வையும் தொடர்ந்து சென்று கண்டது.

"செமாவா?"

"மஞ்ச இலையில சுத்தி, புளியும் மிளகாயும் அப்பி, மூங்கில் குழாயில வச்சுச் சுட்டு..." என்று தொடங்கியவள் நாவைக் கடித்துக்கொண்டாள். "போதும், கேக்காதீங்க. வாயால சொன்னதே தப்பு. திருட்டுத்தனமாக் கொண்டாந்தீங்க, உங்க தலையில குழம்புச் சட்டியைக் கவுத்துருவேன்."

திருடும் நெஞ்சம் அவனுக்கு இல்லை. வாளாவிருக்கும் நெஞ்சமும் இல்லை. ஆகவே அவளிடம் சொல்லாமலே வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப்பின் கூடிய ஊர்மன்றின்முன் எழுந்து நின்று, ஒரேயொரு மீன் வேண்டுமென்று கேட்டான். கேட்டுப் பெறாதவனாய், தோள் சரிந்து வீடு திரும்பினான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் மனைவியிடம் கூறியது அவன் செய்த இரண்டாம் பிழை.

குடித்தலைவராகிய டத்துக் மங்குத்தோ கண்கலங்க மறுத்தாராம். "போன வருசம் என் கூடப்பொறந்தவனையே ஒரு குஞ்சு மீனுக்காக ஆடு வெட்டி ஊருக்குச் சோறு போட வச்சேன். இன்னைக்கு உனக்குக் கயித்தை அவுத்தா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாராம். சூளை மீறி உண்டால் வயிறு வீங்குமே என்று வேறொருவர் அஞ்ச, பெண்கள் பக்கமிருந்து அடுத்த வீட்டுத் தெலிமா, "அவ வயிறு ஏற்கெனவே வீங்கிட்டுத்தானே இருக்கு! இதுக்கு மேல அந்தச் சத்தியம் என்ன பண்ணிடப் போகுது?" என்று குரல் கொடுக்க, மன்று முழுதும் கொல்லெனச் சிரித்ததாம்.

நூர்பைத்தியின் முகம் அடுப்பில் இட்ட இரும்பாயிற்று. "ஊர் முன்னாடி என் வயித்தை ஏலம் போட்டுட்டு வந்திருக்கீங்க! அதுவும் அவ சிரிக்கிறதுக்கு!"

'அவ' என்று அவள் சுட்டிய சொல்லில் எட்டாண்டுக் கசப்பு இருந்தது. மூன்றாம் சூலும் கலைந்து அவள் பாயிற் கிடந்த நாளில், தன் ஒன்பது மக்களுள் கடைக்குட்டியை இடுப்பில் ஏந்தி வந்த தெலிமா, "மடி பாத்துத்தான் ஆண்டவன் குடுப்பான்" என்று ஒரு சொல் சொன்னாள். ஆறுதலாகச் சொன்னாளோ, நாத்தவறிச் சொன்னாளோ, யாரறிவார்? அன்றுமுதல் ஒரே படித்துறையில், ஒரு கை எட்டும் தொலைவில் அமர்ந்து அரிசி கழுவியும், இருவரிடையே ஒரு சொல்லும் நடந்ததில்லை.

மறுநாட் காலை நூர்பைத்தி பானையோடு இறங்கினாள். படித்துறையில் ஒருவரும் இல்லை. சிறிது பொழுது காத்திருந்தாள். வழக்கமாய் அங்கு வரும் பெண்கள் அனைவரும் அவள் வீட்டைக் கடந்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு, தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்தியவர்களாய், ஆற்றின் போக்கில் கீழே எங்கோ சென்றனர். அதற்கடுத்த நாளும் அவ்வாறே. 'சூளுரையை உடைக்கக் கேட்டவள் துறையில் கால்வைக்கவும் கூசுகின்றனர் போலும்' என்று அவள் நெஞ்சு நைந்தது. பதினாறு ஆண்டுகளாய் ஊரின் பேச்சும் சிரிப்பும் முதலில் வந்து இறங்கிய படிக்கட்டுகள், விழா முடிந்த பந்தற்கால்கள் போல வெறிச்சோடிக் கிடந்தன. கண்ணீர் அரிசியிற் சொட்ட, அவள் தனியளாய்க் கழுவி, அவ்வெண்ணீரை மீன்களுக்கு வார்த்தாள். நீங்களாவது என்னை வெறுக்கவில்லையே என்பது போல, பசித்த செமாக்கள் என்றுமில்லாத ஆவலோடு வந்து குவிந்தன.

இவ்வாறு சில நாள் சென்றபின், ஒரு காலையில் அவள் பானையைச் சாய்க்கக் கை தூக்கிய பொழுது, கரைமேலிருந்து ஒரு கூச்சல் பிறந்தது.

"அடியே! கொட்டாதேடி! நிறுத்துடி அதை!"

முழங்கால்வரை நனைந்த கைலியும், இடுப்பில் மீன்கூடையும், முழங்கையில் புதுச் சிராய்ப்புமாய், மூச்சிரைக்க ஓடிவந்து நின்றவள் தெலிமா.

"என் துறை, என் அரிசி, என் தண்ணி. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் நூர்பைத்தி, எட்டாண்டுக்குப்பின் தான் பேசிவிட்டதையும் மறந்து.

"என்ன வந்துச்சா? ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் கீழ்க் கயித்துக்கு அந்தாண்டை, தண்ணி சுழிச்சு எதிர்த்து ஏறுற பாசிப் பாறையில வழுக்கி விழுந்து, இடுப்பொடிஞ்சு அரிசி கழுவிட்டுக் கெடக்கோம். பழகின மீனு தண்ணி வாசனைக்குக் கயித்தைத் தாண்டி வரட்டும்னு. நீ இங்க மகாராணியாட்டம் உக்காந்து தினமும் விருந்து வச்சா, அதுங்களுக்கு என்னடி தலையெழுத்து, இடம் விட்டு வர்றதுக்கு?"

நூர்பைத்தி பானையைப் படியில் இறக்கி வைத்தாள். "கயித்துக்கு அந்தாண்டை..."

"அந்தாண்டை வந்துட்டா அது வெறும் மீனு. சத்தியம் கயித்தோட முடிஞ்சுபோச்சு. டத்துக்கிட்டயே கேட்டுட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா ஒத்துக்குவியா? ரோசக்காரி! எவ தயவும் வேணாம்னு கதவைச் சாத்திருப்ப. அதான் சிரிப்பை அடக்கிட்டு மூஞ்சைத் திருப்பிட்டுப் போனோம். அந்த நெல்மி இருக்காளே, அவ உன் வீட்டைத் தாண்டுறதுக்குள்ள துணியையே கடிச்சுக் கிழிச்சுட்டா." என்று கூறியவள், தான் நெடுநேரம் பேசிவிட்டதை அப்பொழுதே உணர்ந்தவள் போலத் திடுமென நிறுத்தி, வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தாள்.

நூர்பைத்தி அன்று பானைநீரை மீன்களுக்கு வார்க்கவில்லை. வீட்டிற்கு ஏந்திச் சென்று வாழைத்தூரில் ஊற்றினாள். பிறகு சுவரிற் சாய்ந்து அழுதாள். அழுகையின் நடுவே சிரித்தாள்.

மடுவில் விருந்து நின்றது. கீழ்ப்பாறையில் விருந்து பெருகிற்று. ஆயினும் மீன்குலம் எளிதில் ஏமாறும் குலமன்று. கயிற்றின் நிழல்வரை வரும், மணம் நுகரும், வால் சுழற்றி மீளும். பெண்கள் கல்லெறிந்து மீன்களைக் கயிற்றுக்கு வெளியே விரட்டிவிடாமல் இருக்க டத்துக் மங்குத்தோவே நாள்தோறும் ஒரு பாறைமேல் அமர்ந்து காவல் செய்தார். அவர்பக்கத்தில் நின்ற மர்வான், காவலன் என்னும் கடமை கையைக் கட்ட, கணவன் என்னும் கடமை காலைக் கிள்ள, வாயைத் திறவாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் வெயில் ஏறும் வேளையில், பெருஞ்செமா ஒன்று கயிற்றின் நேர்க்கீழே வந்து அசையாது நின்றது. தலை வெளியே, உடல் உள்ளே. தெலிமா இடுப்பளவு நீரில் கூடையோடு கல்லாய் நின்றாள்.

"தலை எங்க இருக்கோ, அங்கதானே மீனு!" என்று கரையிலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"வாலும் வரட்டும்" என்றார் டத்துக்.

"வயித்துப் புள்ளைக்காரிக்காக ஒரு வாலு தள்ளுபடி பண்ணக் கூடாதா?"

"வாலும் வரட்டும்னேன்." அவர் குரல் கடுமையாய் இருந்தது, ஆனால் அவர் விரல்கள் தொழுகைமணி மாலையை விரைந்து உருட்டிக்கொண்டிருந்ததை மர்வான் கண்டான்.

ஊர் முழுதும் மூச்சடக்கிற்று. மீன் ஒருமுறை வாய் திறந்து மூடிற்று. பின்பு, எவரோ வருகவென்று அழைத்தாற்போல, முழுவதும் வெளியே நழுவிற்று. கூடை கவிழ்ந்த ஓசையும், தெலிமா வழுக்கி மூழ்கிய ஓசையும், மூழ்கியவள் கூடையை விடாமலே எழுந்து கத்திய ஓசையும், பெண்களின் குரவையும் ஒன்றாகி எழ, "கயிறு அங்க, மீனு இங்க! நான் என் கண்ணால பாத்தேன்!" என்று எழுபது கடந்த டத்துக் பாறைமேல் எழுந்து நின்று கூவினார்.

பிற்பகலில் நூர்பைத்தியின் வீட்டுப் படிக்கட்டின் அடியில் தெலிமா வந்து நின்றாள். கையில் கரிந்த மூங்கிற்குழாய். அதன் வாயிலிருந்து மஞ்சளிலையும் புளியும் கலந்த நறுமணம். எட்டாண்டாய் ஏறாத படியில் ஏறுவதற்கு அவள் கால் கூசிற்று.

"அன்னைக்கு நான் சொன்னது..."

"அதை எதுக்கு இப்ப?" என்றாள் வாயிலில் நின்றவள்.

"இல்லடி, சொல்லிடறேன். ஒம்பது பெத்த திமிரு. மடி காலியாப் போறது எப்படியிருக்கும்னு அந்த வாய்க்குத் தெரியல. சொன்ன அன்னைக்கே திரும்பி வந்து கால்ல விழுந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு. அப்புறம் நாளாக நாளாக வெக்கம் பெருசாயிடுச்சு."

 மணம் மட்டும் இருவரிடையே ஏறி இறங்கிற்று.

"மீன் ஆறிடும், அக்கா" என்றாள் மேலே நின்றவள் கடைசியில். "மேல வாங்க."

பாயில் எதிரெதிரே அமர்ந்து, தெலிமா தன் விரலாலேயே முள் களைந்து, சோற்றோடு பிசைந்து, அவள் வாயில் வைத்தாள். ஒரு கவளம், மற்றொன்று, பின்னும் ஒன்று. நூர்பைத்தி கண்மூடி அமர்ந்து, தன் வயிற்றின் மறுமொழிக்குக் காத்திருந்தாள். கால்மரங்களின் நடுவே வீட்டின் அடியிலும் எவரோ பலர் காத்திருப்பது தரைப்பலகையின் இடுக்குகள் வழியே புலனாயிற்று.

"நின்னுச்சா?" என்று கீழிருந்து பொறுமையிழந்த ஒரு குரல்.

"நின்னுச்சு!" என்று தெலிமா பலகையைத் தட்டிக் கூவ, அடியில் எழுந்த ஆரவாரத்தில் கோழிகள் கூடுவிட்டுப் பறந்தன.

அன்றுமுதல் அவளுக்கு உணவு தங்கலாயிற்று. மீனின் ஆற்றலோ, ஊட்டிய கையின் ஆற்றலோ, அதனை ஆய்வது கற்றோர் கடன். மழைக்காலத்தின் நடுவில், ஆறு செந்நீராய்ப் பெருகி ஓடிய ஒரு நண்பகலில், குரல் வலியதோர் பெண்மகவு பிறந்தது. நில்மா என்று பெயரிட்டனர். பிறந்ததும் அதனை முதலில் ஏந்தியவள் தெலிமா. ஏந்தியவள் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கக் கற்றிருந்தாள்.

அடுத்த ஆண்டு, கயிறு அவிழ்த்து, மீன் பகுத்து, மீண்டும் கயிறு கட்டிச் சூளுரைக்கும் நாளில், டத்துக் மங்குத்தோ மன்றின்முன் எழுந்தார். இனிச் சூல்கொண்ட பெண் ஒருத்தி விரும்பினால், மன்றைக் கேளாமலே மடுவினின்று ஒரு மீன் பெறலாம் என்று சூளுரையில் ஒரு வரி சேர்ப்போம் என்றார். ஆடவர் அனைவரும் தலையசைத்தனர். அப்பொழுது, மன்றில் ஒருநாளும் வாய்திறந்தறியாத நூர்பைத்தி, இடுப்பில் மகவோடு எழுந்தாள்.

"வேணாம் டத்துக். அது அப்படியே இருக்கட்டும்."

"உனக்கே வேணாமாம்மா?"

"அன்னைக்கு நீங்க கயித்தை அவுத்து ஒரு மீனைக் குடுத்திருந்தா, நான் தின்னுட்டு மறந்திருப்பேன். யார் வழுக்கி விழுந்தாங்க, யார் எனக்காகக் காத்துக் கெடந்தாங்கன்னு தெரியாமலே போயிருக்கும். இன்னொருத்திக்கு மசக்கை வந்தா வரட்டும். கீழ்ப்பாறைக்கு முதல் பானை என்னோடது."

 உடனே பெண்கள் பக்கத்திலிருந்து, "ரெண்டாவது பானை என்னோடது. ஆனா இந்தத் தடவை வழுக்கி விழுற முறை அவளோடது!" என்றாள் தெலிமா. சிரிப்பலை அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பழைய சூளுரையே, ஓரெழுத்தும் மாறாமல், மீண்டும் ஓதப்பட்டது.

நெறி தளர்ந்து இரங்குவதும் நன்றே. ஆயின் நெறி தளராத இடத்தில் நெஞ்சங்கள் இரங்கி, தம் காலும் கையும் நோகப் பிறிதொரு வழி காண்பது அதனினும் நன்று. அத்தகையோர் வாழும் ஊர் சிறிதாயினும், அதன் கரையில் பிறப்பது ஒரு பேறு. ஓதி முடித்த குரல்கள் மலையில் மோதி அடங்க, இரு கயிறுகளுக்கிடையே சிலேம் ஆறு பசுமையாய் நின்று, பின் மெல்ல நகர்ந்து, தன் வழியே சென்றது.