ஒன்பதாம் கட்டளைக்கு மறுமொழி

பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பத்துக் கட்டளை டீச்சர்' என்று சொல்வது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன். உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமைதான். தூத்துக்குடியில் எங்கள் சபையில், முதல் நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்கு வந்த எந்தப் பிள்ளையும், பத்துக் கட்டளையையும் வரிசையாகவும் தலைகீழாகவும் ஒப்பிக்காமல் என் கையை விட்டுப் போனதில்லை. நடுவில் நிறுத்தி, ஏழாவது எது என்று கேட்பேன். முழித்தால் ஸ்கேல் பேசும்.

அப்படிப்பட்ட நான், எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், என் வீட்டு வாசலில் நின்று ஒரு தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குச் சொல்லும் அரைப் பொய், கால் பொய் இல்லை. கையும் காலும் முளைத்து நடந்துபோகிற முழுப் பொய்.

அந்தத் தகப்பன் ஞானையா அண்ணாச்சி. சொந்த ஊர் உடன்குடி. இங்கே கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார். கோயிலில் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சு அவருடையது. நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் வாயை முந்திக்கொண்டு கை வந்துவிடும். அவருடைய ஒரே மகள் பிளாரன்ஸ் என்னிடம் படித்தவள். மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்கு அண்ணாச்சிக்குத் தெரியாமல் நான்தான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். இடம் கிடைத்ததாக என் விலாசத்துக்குக் கடிதம் வந்த அதே வாரம் அண்ணாச்சி அவளைத் தன் அக்கா மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாட்டேன் என்று சொன்னதற்கு பிளாரன்ஸின் முதுகில் பிரம்பு பேசியிருந்தது.

அந்த முதுகை எனக்குக் காட்டிவிட்டு, "டீச்சர், இன்னிக்குச் சாயங்காலம் மெட்ராஸ் வண்டியில ஏத்தி விட்டுருங்க" என்றாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. அவளைப் பின்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்குள் வாசலில் சத்தம். அண்ணாச்சியும் அவர் மனைவி ஞானபாக்கியமும் நின்றார்கள்.

"டீச்சர், பிளாரன்ஸ் இங்கன வந்தாளா?"

பிறத்தியாருக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற ஒன்பதாம் கட்டளையை நடத்தும்போது நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. கொலைகாரன் ஒருவன் கத்தியோடு வந்து, ஒளிந்திருப்பவன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பேன். பதின்மூன்று வயதில் பிளாரன்ஸ் எழுந்து நின்று, "பேசாம நின்னா, உள்ளதான் இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிராதா டீச்சர்?" என்று கேட்டாள். அதிகப்பிரசங்கி என்று அவளைப் பெஞ்சு மேல் ஏற்றினேன்.

இப்போது வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். அண்ணாச்சியின் கண் என் தோளைத் தாண்டிப் பின்னறைக் கதவுக்குப் போனது. அவள் அன்றைக்குச் சொன்னது அப்படியே நடந்தது.

"இங்கன வரலையே அண்ணாச்சி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "காலைல ஸ்கூலுக்குப் போம்போது பாத்தேன். உடன்குடி பஸ்ஸுல ஏறிட்டு இருந்தா. நீலச் சேலை. கையில ஒரு பை. பெரியம்ம வீட்டுக்குப் போறா போலன்னு நெனச்சேன்."

பஸ்ஸையும் நீலச் சேலையையும் பெரியம்மாவையும் எனக்கு யார் எடுத்துக் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பொய்யில் எனக்கு இவ்வளவு கைத்திறன் இருப்பது ஐம்பத்தோரு வயதில்தான் தெரிந்தது. ஞானபாக்கியம் முக்காட்டைப் பிடித்தபடி படியில் ஓரிடத்திலேயே அசையாமல் நின்றாள்.

"இந்தத் தெருவுக்குள்ள அவ வந்தத பாத்தேன்னு தெருமுனை வீட்டுச் சீனித்தாய் சொன்னா" என்றார் அண்ணாச்சி. "பொய்க்காரி. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பொய் சொல்லாமல் சேர்த்த பேர் அது. அந்தப் பேர் இல்லாவிட்டால் அந்தப் பொய் எடுபட்டிருக்காது. உண்மை சொன்ன சீனித்தாய் பொய்க்காரி ஆனாள். நான் பிளாரன்ஸை மூடு போட்ட குதிரை வண்டியில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று வேறு ஓயாமல் அடித்தது. புது ஹார்பருக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் கிளப்பிய புழுதியும், உப்பளத்துக் காரமும் ஜன்னல் வழியாக வந்து சோற்றில் விழுந்தன. பெருக்கிய வீட்டையே திரும்பப் பெருக்கினேன். வகுப்பில் ஒன்பதாம் கட்டளை வந்தபோது நோட்டுத் திருத்துகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். பத்தாம் நாள் பிளாரன்ஸிடமிருந்து கார்டு வந்தது. அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அண்ணாச்சி உடன்குடிக்குப் போய் நாலு நாள் தேடிவிட்டு உதடு வெடித்துத் திரும்பியிருந்தார். எதிரில் வந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் நற்கருணைப் பந்தி, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலமே உபதேசியாரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். மனதில் குறையோடு பந்திக்குப் போகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அந்த வாரம் வெள்ளிக்கிழமையே நான் குருவானவர் கிருபாநிதி ஐயாவைப் பார்க்கப் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஆண்டவர்ட்ட மன்னிப்புக் கேளுங்க டீச்சர். முடிஞ்சுது" என்றார்.

"தப்புன்னு மனசுல பட்டாத்தானே ஐயா மன்னிப்புக் கேக்க முடியும்? நாளைக்கு அண்ணாச்சி திரும்ப வந்து நின்னாலும் அதையேதான் சொல்லுவேன்."

"எகிப்துல மருத்துவச்சிங்க பார்வோன் ராஜாட்ட பொய் சொல்லலையா? பச்சப்பிள்ளைங்களக் காப்பாத்தத்தானே சொன்னாங்க? ஆண்டவர் அவங்களுக்கு நன்மைதான செஞ்சாரு?"

"அந்தக் கதைய நானும் வகுப்புல சொல்லுவேன். அந்த இடத்த மட்டும் வேகமா வாசிச்சிட்டுப் போயிருவேன்."

அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. நான் அடி வாங்க வந்திருக்கிறேன், இவர் காப்பி கொடுத்து அனுப்பப் பார்க்கிறார். "அப்போ ஞானையா அண்ணாச்சி யாரு, பார்வோனா?" என்று கேட்டேன். "அவரும் எனக்குப் பிறத்தியார்தானே ஐயா. இல்லாத பஸ்ஸுக்குப் பின்னால அவர ஓட விட்டுருக்கேனே."

குருவானவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ நீங்க போக வேண்டிய இடம் இது இல்லியே டீச்சர்" என்றார்.

அது எனக்கும் தெரியும். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் அவனிடம் போ, பிறகு பலிபீடத்துக்கு வா என்பதையும் நான்தான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் அண்ணாச்சியிடம் சொன்னால் மறுநாளே அவர் அவளுடைய நர்ஸ் ஹாஸ்டல் வாசலில் போய் நிற்பார். பெற்ற தகப்பன் வந்து கேட்டால் அவர்கள் அனுப்பிவிடுவார்கள். சொன்னால் அவள் வாழ்க்கை போகும். சொல்லாவிட்டால் எனக்குப் பந்தி இல்லை. என்னை யாரும் தடுக்கப்போவதில்லை. எனக்கே கால் எழாது.

சனிக்கிழமை உபதேசியார் வழக்கம்போல என் பெயரை முதலில் எழுதிவைத்திருந்தார். "அடிச்சிருங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு 'தேவமணி' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் சபையார், எங்களுக்கு இரங்கும், இதைக் கைக்கொள்ள எங்கள் இருதயத்தைத் திருப்பும் என்று மறுமொழி சொல்ல வேண்டும். அதை முதலில் எடுத்துக் கொடுப்பது என் குரல். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை அது. நானாக எடுத்துக்கொண்டு, பழக்கமாகி, கடைசியில் நான் ஆரம்பிக்காமல் சபையே ஆரம்பிக்காது என்று ஆகிவிட்டது.

எட்டுக் கட்டளைகளுக்கும் ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாவதை வாசித்து முடித்துவிட்டு குருவானவர் காத்திருந்தார். என் இருதயத்தைத் திருப்பும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திருப்பிவிட்டால் பிளாரன்ஸ் என்ன ஆவாள்? நான் பேசாமல் இருந்தேன். சபையும் பேசாமல் இருந்தது. மேற்குப் பக்கத்து ஜன்னல் ஒன்று காற்றில் டப் டப்பென்று அடித்தது. முன் பெஞ்சில் யாரோ திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அப்போது என் பக்கத்தில் ஒரு குரல் மெல்ல எழுந்து மறுமொழியை ஆரம்பித்தது. ஞானபாக்கியம். பாட்டுக்குக்கூட வாய் அசைக்காதவள். அவள் பாதி சொல்லி முடித்த பிறகுதான் சபை சேர்ந்துகொண்டது.

பந்தி ஆரம்பித்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். எங்கள் பெஞ்சில் நானும் அவளும் மட்டும் முழங்காலில் இருந்தோம்.

"நீ போகலையா?" என்று கேட்டேன்.

"பேர் குடுக்கல" என்றாள். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அன்னிக்கு உங்க படியில செருப்பு கெடந்துச்சு டீச்சர். அவ செருப்பு. அறுந்த வார நான்தான் தச்சுக் குடுத்தேன். அவுக கண்ணுல படுமுன்ன அதுமேல ஏறி நின்னுக்கிட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீங்க இல்லன்னு சொல்லணுமேன்னு ஜெபம் பண்ணிக்கிட்டேதான் நின்னேன். பொய் கேட்டு ஜெபம் பண்ணலாமா டீச்சர்? நான் கேட்டேன். கெடச்சுது. அது யாரு குடுத்தது?"

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். இப்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அவுக உடன்குடில கெணறு கெணறா எட்டிப் பாத்துருக்காவ" என்றாள். "ஒரு கெணத்துல ஆள எறக்கித் தேடினாவளாம். இப்பமும் வீட்டுக் கெணத்துப் பக்கம் போனா அங்கனயே நிக்காவ. எனக்குத் தெரியும், அவ உசுரோட இருக்கான்னு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. எனக்கு எப்படிப் பந்தி?"

நான் அவருடைய கோபத்தை மட்டும்தான் எண்ணிப் பார்த்திருந்தேன். அவர் மகளை அடிக்கத் தேடுகிறார் என்றே இருந்தேன். பிணமாகத் தேடுகிறார் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே என்னை யாராவது அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆராதனை முடிந்ததும் நேராக வெளியே போனேன். அண்ணாச்சி மணிக்கூண்டுக்குக் கீழே, கண்ணில் மண் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு, ஞானபாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.

"மேலுக்குச் சொகமில்லியா டீச்சர்? பந்திக்கு வரலியே" என்றார்.

"அண்ணாச்சி, நான் உங்கள்ட்ட சொன்னது பொய். பஸ்ஸும் பொய், சேலையும் பொய். அவ அப்போ என் வீட்டுப் பின்னறையிலதான் இருந்தா. உண்மையச் சொன்ன சீனித்தாய நான் பொய்க்காரி ஆக்கிட்டேன்."

அவருடைய கை எழும்பும் என்று எதிர்பார்த்தேன். எழும்பவில்லை.

"உசுரோட இருக்காளா?"

"இருக்கா. நல்லா இருக்கா."

அவர் அப்படியே மணிக்கூண்டின் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கோயிலை விட்டு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஞானபாக்கியம் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் வாயைத் திறந்தேன். எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கன்னு சொல்லாதீங்க டீச்சர். சொன்னீங்கன்னா நாளைக்கே போயிருவேன். என்னைய எனக்குத் தெரியும்."

ஜெபப் புத்தகத்திலிருந்து கார்டை எடுத்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இருந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு கடைசி வரியை வாசித்தேன். "அப்பா சரியாகச் சாப்பிடுகிறார்களா, டீச்சர்? போய்ப் பார்த்து எழுதுங்கள்" என்று இருந்தது.

நான் மறைத்திருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, கார்டை எடுத்த நேரத்திலிருந்தே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.