மேலப்பட்டி என்று வைத்துக்கொள்வோம்

1

இது கல்லூரி மலருக்கு நகைச்சுவைக் கட்டுரையாகத் தொடங்கப்பட்டது. தலைப்பு: 'வெளிநாட்டில் எந்தப் புறநகரில் குடியேறலாம்? கோவில்பட்டிக்காரருக்கு ஒரு கையேடு.' என் அக்கா ஜெயஷீலாவுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு புறநகர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் உழைப்பைத் திருடினால் என் கட்டுரை முடிந்துவிடும் என்பது திட்டம்.

இரண்டு பக்கம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே இதைக் கதை என்று அறிவிக்கிறேன். (கட்டுரையில் பெயர்களை மாற்றினால் பொய். கதையில் மாற்றினால் கலை. எனக்கு அவசரமாகக் கலை தேவைப்படுகிறது.)

2

நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒப்பிடப்பட்ட புறநகர்கள் இரண்டு. ஒன்றுக்குக் கீழப்பட்டி, மற்றதற்கு மேலப்பட்டி என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் மேற்கே தேடாதீர்கள். நீங்கள் தேடுவீர்கள் என்றுதான் அப்படி வைத்தேன்.

கீழப்பட்டியில் அக்காவின் கணவர், அத்தான் பெனிட்டோ, ஏற்கெனவே போய்க் குடியிருக்கிறார். அவருடைய சொந்த ஊரான குளத்தூரிலிருந்து போனவர்கள் அங்கே தெருவுக்கு ஒரு வீடாவது இருக்கிறார்கள். ஞாயிறு தோறும் தமிழ் ஆராதனை. கருவாடு கிடைக்கும்.

மேலப்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி, ஒரு ரயில் நிலையம், அப்புறம் வெயில். இடைசெவல் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுவதுபோல ஒரு வெட்டவெளி. பருத்தி மட்டும் இல்லை. நம் ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

எந்தக் கையேடும் கீழப்பட்டி என்றுதான் சொல்லும். அக்கா மேலப்பட்டி என்றாள்.

3

தொடக்கம் ஒன்று: 'மேலப்பட்டியில் குற்றங்கள் குறைவு என்று அறிந்த ஜெயஷீலா' — பொய். அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

தொடக்கம் இரண்டு: 'கரிசலில் பிறந்தவளுக்கு வெட்டவெளி ஒரு' — வேண்டாம். பரிசுக்கு அனுப்பும் வாக்கியம்.

தொடக்கம் மூன்று: இது உண்மையில் நடந்தது. கணினி வரைபடத்தில் தெருவுக்குள் இறங்கி, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? அக்கா காலையிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏலே, இந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்கான்னு பாரு."

"மார்க்கெட் எங்கன்னு கேளு, தண்ணி வருதான்னு கேளு. இது என்னக்கா, கதவையே பாத்துக்கிட்டிருக்க?"

"கல்யாணமாகி நாங்க இருந்த தூத்துக்குடி வீட்டுக்கு ஒரே வாசல்தாம்ல."

"அதுக்கு?"

"அத்தான் வேலைக்குப் போகயில வெளிய பூட்டிட்டுப் போவாவ."

"நீ உள்ள இருக்கயிலயா?"

"நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்குதேன்லா. திருடன் வந்துரக் கூடாதாம்." அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். "சாவி ஒண்ணுதான். அவியகிட்டதான் இருக்கும்."

(இந்த இடத்தில் திருடனை வைத்து ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அத்தானிடம் சொல்லியிருக்கும் தேதிக்கு முன்பே அவள் விமானம் ஏறுகிறாள். இறங்கியதும் போகப்போவது மேலப்பட்டிக்கு, தனியாக. அங்கே ஒரு வீடு தருவதாக ஏஜென்ட் சொல்லியாயிற்று. அவள் வாடகை வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை அத்தானுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியக்கூடாது. அவ்வளவுதான் இந்தக் கதையின் ஆபத்து. வேறு ஆபத்தைத் தேடி அலையவேண்டாம்.

4

இப்போது என் அப்பா சாமுவேல்ராஜ் வருகிறார். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். மேலப்பட்டியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்று மட்டும் அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். மகளும் மருமகனும் சேர்ந்து பார்த்த வீடு என்று அவராக நினைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒருவர் போவார். டீக்கடையில் உட்கார்ந்து, மழைதண்ணி உண்டா என்று ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாகப் பையனைப் பற்றிக் கேட்பார். இதற்கு விசாரிப்பு என்று பெயர். மகள் போகிற புது ஊரையும் விசாரிக்காமல் விட அப்பாவுக்கு மனசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், குளத்தூரிலிருந்து அந்த நாட்டுக்குப் போன ஸ்டெல்லாமேரி என்பவருக்குப் போன் போட்டார்.

"யம்மா, கோவில்பட்டி சாமுவேல்ராஜ் பேசுதேன். அங்கன மேலப்பட்டின்னு ஒண்ணு இருக்காமே, பொம்பளப்பிள்ள வேல முடிஞ்சு நடந்து வர தோதான ஊரா? நம்ம ஷீலா அங்கனதான் வீடு பாத்திருக்கா."

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, இவ்வளவு வெள்ளந்தியாக ஒருவர் இருப்பாரா என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். என் அப்பா யாரையும் கேட்காமல் மிக்சிகூட வாங்கியதில்லை. இதற்குமேல் என்னால் நம்பவைக்க முடியாது.)

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது அப்பா போனை வைத்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தார்.

"விசாரிச்சிட்டேன்ட்டி. நல்ல ஊருதானாம்."

"யார்ட்டப்பா கேட்டீய?"

"ஸ்டெல்லாமேரிகிட்ட. கீழப்பட்டில இருக்காள்ல, ஒன் மாப்பிள தெருவுலதான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். பூட்டு, சாவி, விமானம், எல்லாவற்றையும். கையில் மீன் மசாலா காய்ந்துபோயிருந்தது. அப்பா காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"நான் விசாரிச்சுத்தானம்மா குடுத்தேன்."

"நீங்க விசாரிச்ச கடையில டீ ஆத்துனதே அவிய சித்தப்பாதானப்பா."

5

மீன் குழம்பு இறக்குமுன் அப்பாவின் போன் அடித்தது. அத்தான். எடுக்காவிட்டால் சந்தேகம், எடுத்தாலும் சந்தேகம். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, ஸ்தோத்திரம். சாப்டாச்சா?"

"ஸ்தோத்திரம் மாப்பிள. இனிமேதான்."

"மேலப்பட்டில யாருக்கு மாமா வீடு பாக்குதீய?" குரலில் சிரிப்பு இருந்தது.

அப்பா வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மை சொல்லவும் அப்போது முடியாது. 

"எனக்குத்தான் அத்தான்," என்றேன். "மேல்படிப்புக்கு."

"நீயால? அரியர் எல்லாம் முடிச்சிட்டியா?"

"முடிச்சிருவேன்."

"ஷீலாவுக்குன்னு ஸ்டெல்லாமேரி சொன்னாவளே."

"அக்கா பேர்லதான் கேக்கோம். எம் பேருக்கு எவன் வீடு தருவான்?"

"அதுவும் சரிதான். அக்கா எங்க?"

"குளிக்கா."

"கோயில்ல ஆராதனை முடிஞ்சு வந்த பெறவா குளிக்கா?"

அக்கா என் எதிரே மசாலாக் கையோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்டுவிடும் என்று முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.   

"சரி, விடு," என்றார் அத்தான். "நாளைக்கு எனக்கு லீவு. அட்ரஸ அனுப்பு. நேர்ல போய் வீட்டைப் பாத்து, ஏஜென்ட்கிட்டயும் நல்லா விசாரிச்சிட்டு வாரேன். வெளிநாட்டுல யாரையும் நம்பிரக் கூடாதுல."

நன்றி அத்தான் என்றேன். கையேட்டில் இதற்கு வேறு பதில் இல்லை.

6

முடிவு அ: நான் தப்பான முகவரி அனுப்புகிறேன். அத்தான் ஒரு பன்றிப் பண்ணை வாசலில் நின்று விசாரித்துக்கொண்டு — நன்றாக இருக்கிறது. ஆனால் பன்றிப் பண்ணையிலிருந்து அவர் உடனே அக்காவின் ஏஜென்ட்டைத் தேட ஆரம்பிப்பார். கைவிடப்பட்டது.

முடிவு ஆ: அப்பா திருப்பி அழைத்து, 'எம்பிள்ள ஒம்மகூட வாழ வரமாட்டா மாப்பிள' என்கிறார். இதற்காக அப்பா போனை எடுக்கத்தான் செய்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்பச் சொன்னீயன்னா ஏர்போர்ட்ல வந்து நிப்பாவப்பா." கைவிடப்பட்டது.

முடிவு இ: அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, மேலப்பட்டி வீடு வேண்டாம் என்று ஏஜென்ட்டுக்கு எழுதினாள். அது போனதும் நான் அத்தானுக்கு முகவரியை அனுப்பினேன். சரியான முகவரிதான். அங்கே இப்போது யாரும் வரப்போவதில்லை.

அவள் மறுபடி வரைபடத்தைத் திறந்தாள். மூன்றாவதாக ஒரு புறநகர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு ரயில் மாறவேண்டும். வாடகை அதிகம். தெரு விளக்கு எப்படியென்று தெரியவில்லை.

"யார்ட்டயாவது ஒரு வார்த்த" என்று அப்பா ஆரம்பித்தார். அவராகவே நிறுத்திக்கொண்டு போனை அணைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தத் தெருவை ஒவ்வொரு வீடாகப் பார்த்தார்.

7

மூன்றாவது ஊருக்கு நான் பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. இந்தப் பக்கங்களை அக்கா வாசித்தாள். அந்த ஊரைப் பற்றி நான் எழுதியிருந்ததில் பாதியை அடித்தாள். மீதியிருப்பதில் சில பொய்கள், அவை அவளுடையவை.

"அப்ப இதக் கிழிச்சிரவாக்கா?"

"போடுல. எந்த ஊருக்குப் போனாலும் நம்ம ஆளு ஒருத்தராவது இருப்பாவ. தேடுதவிய அவியகிட்டத்தான் மொதல்ல கேப்பாவ. அவியளுக்குத் தெரியணும்லா."

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாளா, இன்னும் பெட்டி கட்டுகிறாளா என்பதைச் சொல்லமாட்டேன். கடல் தாண்டியிருக்கும் உங்களுக்கு இந்த மலரை யாராவது அனுப்பியிருந்தால், இதற்குமேல் கதை உங்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் தெருவில் ஒரு நர்ஸ் குடிவந்திருப்பாள். தமிழ்தான் என்று நடையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் ஊரிலிருந்து போன் வரும். நல்ல மரியாதையான குரல். உங்கள் அப்பா அம்மா சுகத்தைக் கேட்கும், பிள்ளைகளின் படிப்பைக் கேட்கும், அங்கே இப்போது குளிரா என்று கேட்கும். அப்புறம், பேச்சோடு பேச்சாக:

"நம்ம பக்கத்துப் பிள்ள ஒண்ணு அங்கன வந்திருக்காமே? வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. போன் உங்கள் கையில் இருக்கிறது.