பதினெட்டு வோல்ட்

ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு தட்டு வீடு. மேலே அவரும் மனைவி இரத்தினம்மாவும் மகள் வதனியும். கீழே வாடகைக்கு விட்ட இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் சிவமணி. குளிக்கிற இடமும் குசினியும் எங்களுக்குப் பொது. ஆனால் யாராவது வாய் தவறி லொட்ஜ் என்று சொல்லிவிட்டால் மனுசனுக்குப் பத்திக்கொண்டு வரும். "இது குடும்ப வீடு" என்பார். குடும்பம் என்ற சொல்லை அவர் சொல்லும் விதத்திலேயே ஒரு வழுவழுப்பு இருக்கும்.

மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்று வைத்திருந்தார். கீழ் நடையில் என்னுடைய டீவி இருந்தது. எனக்கும் அதில் ஒரு இணைப்புத் தரலாம் என்று பெரிய மனது பண்ணினார். தெமட்டகொடையிலிருந்து அழகர் என்ற வயர்க்காரரைக் கூப்பிட்டார். வீடு கட்டும்போது சுவருக்குள் ஒரு வயர் போகிற அளவுக்குத்தான் குழாய் புதைத்திருந்தார்கள். இரண்டாவது வயர் அதற்குள் நுழையாது. அழகர் மேல் ஹோலில் ஒரு ஸ்பிளிட்டரைப் பூட்டி, வந்த வயரை இரண்டாக்கினார். ஒன்று அவர்களுடைய பெட்டிக்கு. மற்றது படிக்கட்டோடு இறங்கி என்னுடைய பெட்டிக்கு.

"ஒரு விசயங்க" என்றார் அழகர். "சேனல் எல்லாம் ரெண்டு வகையா வருதுங்க, நெட்டா ஒண்ணு, கெடையா ஒண்ணு. எது வேணும்னு பெட்டிதான் டிஷ்ஷுக்குக் கரண்ட் அனுப்பிக் கேக்கும். நெட்டுக்குப் பதிமூணு வோல்ட்டு, கெடைக்குப் பதினெட்டு. ரெண்டு பெட்டியும் வேற வேறயா கேட்டா கூடின வோல்ட்டுதாங்க ஜெயிக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணும் வராது. வெளிச் சுவரோட தனியா ஒரு வயர் இழுத்துட்டா தொல்லையே இல்லீங்க."

"வெளியால வயர் தொங்கினா வீடு லொட்ஜ் மாதிரி எல்லோ கிடக்கும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "இது காணும்."

அவருக்கு இது போதும்தான். இரத்தினம்மா பார்க்கும் நாடகச் சேனல் கிடை வகை. சிவமணி பார்க்கும் செய்திச் சேனல் நெட்டு. மேலே நாடகம் ஓடினால் கீழே செய்தி இல்லை. மேலே பெட்டியை அணைத்தால்தான் எங்களுக்குச் செய்தி. இரத்தினம்மா பகலில் தூங்கும் நேரமும் கோயிலுக்குப் போகும் நேரமும் பார்த்து நாங்கள் உலகத்தை அறிந்துகொண்டோம்.

எனக்கு அது பெரிய விசயமில்லை. இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் டைப் அடித்துவிட்டு ரயிலில் நசுங்கி வந்தால் போதும் போதும் என்றிருக்கும். சிவமணிக்கு அப்படி இல்லை. அவள் முல்லைத்தீவுக்காரி. கண்ணில் ஒப்பரேசன் செய்வதற்காகப் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்தவள். வந்த பிறகு சண்டையால் பாதை பூட்டிவிட்டது. புருசன் நவரத்தினம் அங்கே மாட்டிக்கொண்டார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தொடங்கும்போது போனும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த இந்தியச் செய்திச் சேனலில் மட்டும் அங்கிருந்து எப்படியோ வெளியே வந்த படங்களைக் காட்டினார்கள். தறப்பாள் கொட்டில்கள், கஞ்சிக்கு வரிசை, பள்ளிக்கூட வாங்குகளில் காயக்காரர். சிவமணி டீவிக்கு முன்னால் நிலத்தில் குந்தி, நல்ல கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவாள். வெளியே போய் வேறு எங்காவது பார்க்கலாம் என்றால், அடையாள அட்டையில் முல்லைத்தீவு என்று இருப்பவள் காலி வீதியில் உலாவித் திரியும் காலமா அது?

ஒரு படத்தை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். பிறகு புதிது வரும். அதனால் ஒரு நாளும் தவறக்கூடாது என்பது அவளுடைய கணக்கு.

"இண்டைக்கும் இல்லை அக்கா" என்பாள், நான் வேலையால் வந்ததும். முகம் ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளுக்கே தெரியாது.

நவரத்தினத்தை மேல் வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும். சமாதான காலத்தில் சிவமணியின் மற்றக் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க இரண்டு பேரும் வந்து இதே அறையில் தங்கியவர்கள். வரும்போது வன்னித் தேனும் பாலைப்பழமும் கட்டிக்கொண்டு வந்தார் மனுசன். ஒழுகிய தண்ணீர்த் தாங்கியைக் கேட்காமலே ஏறித் திருத்தினார். இரத்தினம்மா பாலைப்பழத்தை நக்கி நக்கித் தின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை செய்தி நின்றது. நான் வேலையால் வந்தபோது சிவமணி பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்திலயிருந்து வரேல்ல அக்கா. சிக்னல் இல்லையெண்டு எழுதுது."

மேலே நாடகம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. இரத்தினம்மா தூங்கும் நேரத்திலும் இல்லை, கோயில் நேரத்திலும் இல்லை. நாடகச் சேனல் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. நான் போய்க் கேட்டேன்.

"டிஷ்ஷில காகம் இருக்குது போல" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

மூன்று நேரமும் குந்தியிருக்க அந்தக் காகத்துக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். அவர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீர் மோட்டரைப் போடச் சொல்ல மேலே போனேன். ஹோலில் ஒருவரும் இல்லை. டீவி அணைந்திருந்தது. அதன் மேல் பூப்போட்ட துணிகூட மூடியிருந்தது. ஆனால் டீவிக்குக் கீழே இருந்த பெட்டியில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது, நாடகச் சேனலின் நம்பரோடு. பார்க்க ஆளில்லாத ஒரு நாடகத்துக்காகப் பெட்டி டிஷ்ஷுக்குப் பதினெட்டு வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு உச்சியில் ஏறியது. குனிந்து அணைத்தேன்.

"ஐயோ, அதைத் தொடாதையும்!" அறைக்குள்ளிருந்து இரத்தினம்மா ஓடி வந்தாள். நான் நிற்கும்போதே திரும்பவும் போட்டாள். "அணைச்சு அணைச்சுப் போட்டா பெட்டி பழுதாப் போகுமாம்."

"சிவமணி செய்தி பாக்கவேணுமெல்லோ, அக்கா?"

"செய்தி, செய்தி. ஞாயிற்றுக்கிழமை வதனியைப் பொம்பிளை பாக்க வருகினம். தெஹிவளை ஆக்கள், பெடியன் லண்டனில. இந்த நேரத்தில வீட்டில அழுகைச் சத்தம் வேணுமே? ஞாயிறு கழியட்டும், பிறகு நாள் முழுக்கப் பாருங்கோ."

அற்பப் பிறவிகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இறங்கினேன். அடுத்தவளின் கண்ணீர் தங்கள் பலகாரத்தில் சொட்டிவிடும் என்று பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களைப் பற்றி நான் அதுவரை நினைத்ததில் அதுதான் மோசமானது. அதைவிட மோசமாக நினைக்க எனக்கு அன்று தெரியவில்லை.

அந்தப் பலகாரத்தையும் சிவமணிதான் சுட்டாள். சனிக்கிழமை முழுவதும் மேல் குசினியில் நின்று பயத்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டாள். புகை ஒப்பரேசன் செய்த கண்ணுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"பறவாயில்லை அக்கா. நல்ல காரியத்துக்குத்தானே" என்றாள். "ஞாயிறு முடிஞ்சா பெட்டியை அணைச்சு விடுறன் எண்டவ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவமணி தலை முழுகி, தன்னிடமிருந்த ஒரே பட்டுச் சேலையை உடுத்து, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். வருகிறவர்களுக்கு வாசலில் சந்தனமும் குங்குமமும் காட்ட வேண்டும். இந்த வீட்டில் அது எப்போதும் அவளுடைய வேலை. எனக்கு ஐம்பது வயதாகியும் கலியாணம் ஆகவில்லை என்பதால் நல்ல காரியங்களில் என்னை இரத்தினம்மா பின்பக்கத்துக்கு அனுப்பிவிடுவாள். ஒரு மாதத்துக்கு முன்னர் தைப்பொங்கலன்று, "சுமங்கலி ஒருத்தி பிடிக்கவேணும், சிவமணி நீர் வாரும்" என்று அவளைத்தான் கூப்பிட்டு நிறைகுடத்தைக் கொடுத்தாள்.

ஆகவே சிவமணி தன் பாட்டில் சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் நின்றாள். ஒழுங்கையில் கார்ச் சத்தம் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கேற்றைத் திறக்க ஓடினார். இரத்தினம்மா படியிறங்கி வந்தவள், சிவமணியைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு அவசரமாக வந்து தட்டைப் பிடித்தாள்.

"நீர் வேண்டாம். கௌரி, நீர் வந்து பிடியும்."

நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட காரணம் விளங்கியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எனக்கு விளங்கியது சிவமணிக்கும் விளங்கியது. அவள் தட்டை விடவில்லை.

"ஏனக்கா, நான் பிடிக்கக் கூடாதோ?"

"அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை. நேற்று முழுக்க அடுப்படியில நிண்டனீர். களைச்சுப் போனீர். உள்ளுக்குப் போய் இரும்."

"அவரைக் கண்டனீங்களோ?" சிவமணியின் குரல் உயரவில்லை. "ரீவியில கண்டனீங்களோ?"

இரத்தினம்மா கேற்றைப் பார்த்தாள். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுச் சேலைகள் இறங்கின.

"மெல்லக் கதையும், பிள்ளை. அவையள் வந்திட்டினம்."

"எப்ப கண்டனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை. நான் நாடகத்துக்குச் சேனல் தேடேக்க... ஒரு பள்ளிக்கூடம் போல. நிலத்தில வரிசையாக் கிடத்தியிருந்தது. நவரத்தினத்தின்ர முகம்தான். உம்மட்டைச் சொல்லத்தான் இருந்தனாங்கள். இண்டைக்கு இவையள் வந்து போகட்டும், பின்னேரம் ஆறுதலாச் சொல்லுவமெண்டு..."

செவ்வாயிலிருந்து தெரிந்துகொண்டே இந்த மனுசி நேற்று அவளுடைய கையால் முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறாள். உப்புக் காணாது என்றும் சொல்லியிருக்கிறாள். தட்டைப் பறித்து மனுசியின் முகத்தில் எறிய வேண்டும் போல் எனக்கு இருந்தது.

சிவமணி அழவில்லை. தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி, அந்தத் திரைக்கு முன்னால் குந்தியிருக்கும்போது செய்வது போலவே முகத்தை இரத்தினம்மாவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"காயக்காரரைக் கிடத்தியிருந்ததோ, செத்தவையையோ?"

"என்ன கேள்வி இது, பிள்ளை, இப்ப நிண்டு..."

"கையில சேலைன் ஏறிக்கொண்டிருந்ததோ? கண் முழிச்சிருந்தவரோ? சொல்லுங்கோ அக்கா. கண் முழிச்சிருந்தவரோ?"

வந்தவர்கள் படிக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். இரத்தினம்மா அவர்களைப் பார்த்து முகம் நிறையச் சிரித்துக் கையைக் கூப்பினாள். அந்தச் சிரிப்பு மாறாமலே, வாயோரத்தால் சிவமணிக்குப் பதில் சொன்னாள்.

"வடிவாப் பாக்கேல்லைப் பிள்ளை. கண்டவுடன சேனலை மாத்திப்போட்டன்."